மூன்றாம் நம்பர் பச்சை

18-10-93, திங்கள்

காலையிலிருந்து தூறல். சைக்கிளில் போனதில் சட்டை பாதி நனைந்தது. மில்லில் கையெழுத்துப் போட்டதும் முதலாளி பங்களாவுக்கு வரச் சொன்னதாக ஆள் வந்து சொன்னான். போனேன்.

மாடி அறை முழுக்க பொம்மை ரயில். பொம்மை என்று சொன்னால் முதலாளிக்குப் பிடிக்காது. மெஷின் வாங்க ஜெர்மனி போகும்போதெல்லாம் ஒவ்வொரு பெட்டியாகக் கொண்டுவந்து சேர்த்தது. பன்னிரண்டடிக்கு ஆறடி பிளைவுட் மேஜை. மலை, குகை, இரண்டு ஸ்டேஷன், ஒரு கோயில். கோயில் மட்டும் நம்மூர் கோபுரம், யாரோ செய்து கொடுத்திருக்கிறார்கள்.

கோளாறு இதுதான். ரயில் ஓட ஒரே ஒரு சப்ளை. விளக்கு, சிக்னல், கேட் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே இழுத்திருக்கிறார்கள். விளக்குப் போட்டால் ரயில் தள்ளாடுகிறது. மற்றவற்றுக்குத் தனி சப்ளை வைத்துப் புதிதாக வயரிங். 29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஜெர்மன்காரர்கள் சாப்பிட வருகிறார்களாம். அதற்குள் முடிய வேண்டும்.

எண்ணிப் பார்த்தது:
வீட்டு விளக்கு 22
தெரு விளக்கு 14
சிக்னல் 6 (சிவப்பு, பச்சை)
லெவல் கிராஸிங் கேட் 1
தண்டவாளம் மாற்றும் காயில் 8
காற்றாடி 1, சுற்றவில்லை

"ஏம்ப்பா அந்தோணி, முடியுமா?"

"முடியுங்க."

"மனசு சரியில்லீன்னா சொல்லு, வேற ஆளப் பாக்கறேன்."

"ஒண்ணுமில்லீங்க."

உண்மையாகவே ஒன்றுமில்லை. போன செவ்வாய் கார்டிங் பிரிவில் வேலை செய்யும் சரசுவின் வலது கை போனது. மணிக்கட்டு வரை. பஞ்சு சிக்கெடுக்கும் மூன்றாம் நம்பர் மெஷின். மெயினை இறக்கியது நான். கையை வெளியே எடுத்தது நானும் ஃபிட்டரும். ஆறு நாள் ஆகிறது. அழுகை வரவில்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். படுத்தால் தூங்கிவிடுகிறேன்.

19-10, செவ்வாய்

வெயில். பழைய வயர் முழுவதையும் உருவிப் போட்டேன். ஒரு சாக்கு நிறைய. மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்தே நாள் போனது. முதுகு வலி. வலிப்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

பெட்டியில் ஜெர்மன்காரன் படம் இருந்தது. எழுத்துப் புரியாவிட்டாலும் படம் புரிந்தது. மஞ்சள் வயர் எல்லா விளக்குக்கும் நேராகப் போகிறது. எப்போதும் கரண்ட் இருக்கும். சுவிட்ச் இருப்பது திரும்பி வரும் வயரில். அந்த வழியைத் திறந்தால் விளக்கு அணையும், மூடினால் எரியும். எங்கள் கார்டிங் மெஷினிலும் இதே முறை. அதுவும் அவன் ஊர்.

மில் ஆபீஸிலிருந்து சொன்னார்கள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரணை நவம்பர் 2. மேனேஜ்மென்ட் ரிப்போர்ட் தயார். "தொழிலாளியின் கவனக்குறைவு." அதோடு என் டெஸ்ட் ரிப்போர்ட்டும் இணைப்பு. "மின் கோளாறு ஏதும் இல்லை." நான்தான் எழுதினேன். விபத்தன்று சாயங்காலமே மூன்றாம் நம்பரை ஓட்டி, நிறுத்தி, மூன்று முறை பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ராத்திரிச் சாப்பாடு கோதுமை தோசை. ரோசி, "ஏனுங்க, உப்பு இருக்குதா?" என்றாள். இருக்கிறது என்றேன். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு உப்பு டப்பாவை எடுத்து வந்தாள்.

20-10, புதன்

கோட்டைமேடு. இப்ராஹிம் பாய் கடை. டிரான்ஸ்பார்மர் காயில் சுற்றுவதில் அவரைப் போல ஆள் இல்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"என்ன வோல்ட் வேணும்?"

"பதினாறு. ஏ.சி. விளக்குக்கு மூணு ஆம்பியர். காயிலுக்கு ரெண்டு போதும்."

"ஒரே வைண்டிங்லயா?"

"வேண்டாங்க பாய். தண்டவாளம் மாத்தற காயில் அடிக்கறப்ப விளக்கு மங்கும். தனித்தனியாச் சுத்திருங்க."

தலையாட்டிவிட்டுத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். வார்னிஷ் வாசனை. எனக்கு அது பிடிக்கும். இன்று பிடித்ததா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

கிளம்பும்போது கேட்டார். "அந்தப் பொண்ணு எப்படிப்பா இருக்குது?"

"ஆஸ்பத்திரியில இருக்குதுங்க."

"அது தெரியும். எப்படி இருக்குதுன்னு கேட்டேன்."

போய்ப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தார்.

22-10, வெள்ளி

மழை. ரோசி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஹார்லிக்ஸ், ஆரஞ்சு. நானும் கூடப் போனேன். உள்ளே போகவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். முக்கால் மணி நேரம். ஸ்டாண்டுக்காரரும் ஒரு பெரியவரும் குடைக்காகச் சண்டை. முழுக்கக் கேட்டேன்.

சரசு மில்லில் கழிவுப் பஞ்சு எடுக்கும் வேலை. ஆறு வருஷமாக. கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வருவாள். வயது முப்பது இருக்கும். அம்மாவும் அவளும்தான். தினமும் ஷிஃப்ட் பாதியில் கழிவு எடுக்க மூன்றாம், நாலாம் நம்பரைச் சேர்த்தே நிறுத்துவார்கள். மோட்டாரை நிறுத்தினாலும் உள்ளே சிலிண்டர் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், ஏழெட்டு நிமிடம். வெளியே தெரியாது. சுற்றிலும் ஓடும் மெஷின் இரைச்சலில் காதுக்கும் தெரியாது. முழுதாக நின்றபின் பச்சை விளக்கு எரியும். அதைப் பார்த்துத்தான் கீழ்க்கதவைத் திறந்து கையை விட வேண்டும்.

திரும்பி வரும்போது ரோசி பின்னால் உட்கார்ந்து சொன்னாள்.

"பச்சை எரிஞ்சுதுக்கா, என் கண்ணால பாத்தேன்னு அழுகுது. யாரும் நம்பமாட்டேங்கறாங்களாம். அவங்கம்மாவே நம்பலியாம். 'அவசரப்பட்டுக் கையை உட்டுப்போட்டு இப்ப வெளக்கு மேல பழி போடறா'ன்னு சொல்லுதாம்."

"வெளக்கு சரியாத்தான் இருந்துது."

"நீங்க பாத்தீங்களா?"

"மூணு தடவை."

மேட்டில் இறங்கித் தள்ளினோம்.

25-10, திங்கள்

டிரான்ஸ்பார்மர் வந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு வைண்டிங்கிலும் பதினாறு, கொஞ்சம் கூட. ஹம்மிங் இல்லை. சுத்தமான வேலை. பழைய ரேடியோ பெட்டி ஒன்றில் அடக்கி, ஃபியூஸ் இரண்டு தனித்தனியாக வைத்தேன்.

மா. 4 மணிக்குள் வீட்டு விளக்கு 22-ம் எரிந்தது. தெரு விளக்கில் இரண்டு பல்பு ஃபியூஸ். முதலாளி கதவருகே நின்று ஜன்னலைச் சாத்தச் சொன்னார். இருட்டில் ஊர் முழுக்க விளக்கு. கோயில் கோபுரத்திலும் ஒன்று.

"எப்படி அந்தோணி? கண்ணுக்கு நிறைவா இருக்குதா?"

"இருக்குதுங்க."

விளக்கு எரிகிறது. வோல்ட் சரி. வேறென்ன சொல்ல.

காற்றாடி: மோட்டாரில் பஞ்சு சுற்றியிருந்தது. ஊதினதும் சுற்றியது.

26-10, செவ்வாய்

சிக்னல் வேலை. ஒன்று, இரண்டு முடிந்தது. மூன்றுக்கும் நாலுக்கும் வரும்போது வயர்களை முடுக்கும் டெர்மினல் பட்டையில் ஒரு ஸ்க்ரூ குறைந்தது. கடைக்குப் போக வேண்டும். மழை. மூன்றாம் சிக்னலின் திரும்பும் வயரை நாலாவதோடு ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டேன். நாளை பட்டை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம் என்று.

நாலாவது சுவிட்சை அழுத்தினேன். நாலில் பச்சை. மூன்றிலும் பச்சை. மூன்றில் அப்போது ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிகிறது.

சுவிட்ச் கெட்டது என்று நினைத்தேன். மாற்றினேன். அதேதான். பிறகு மேஜைக்கு அடியில் போய்ப் பார்த்தபோது புரிந்தது. மஞ்சள் வயரில் எப்போதும் கரண்ட் இருக்கிறது. மூன்றின் சொந்தச் சுவிட்ச் திறந்திருந்தாலும், சேர்த்து வைத்த துண்டு வழியாக நாலின் சுவிட்சுக்குப் போய்விடுகிறது. நாலின் சுவிட்சை மூடினால் மூன்றும் எரியும். நானே செய்ததுதான்.

அடியிலேயே படுத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலாளி வீட்டம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஆடை படிந்துவிட்டது.

எழுதி வைக்கிறேன். 10-ஆம் தேதி ஞாயிறு. மில்லில் மெயின்டனன்ஸ். மூன்றாம் நம்பர் பேனலில் எலி கடித்து, பச்சை விளக்கின் திரும்பும் வயர் நைந்து கிடந்தது. எரிந்தால் எரியும், இல்லாவிட்டால் இல்லை. புதிதாக இழுக்க நேரமில்லை, பக்கத்துப் பேனலோடு ஒரு துண்டு போட்டேன். நாலாம் நம்பரோடு. திங்கள் வந்து பிரித்துக்கொள்ளலாம் என்று. திங்கள் வேறு வேலை வந்தது. மறந்துபோனேன்.

நாலாம் நம்பர் பேரிங் இறுக்கம். நிறுத்தினால் ஒன்றரை நிமிடத்தில் நின்றுவிடும். மூன்றாம் நம்பர் ஏழெட்டு நிமிடம் சுற்றும்.

விபத்துக்குப் பிறகு நான் டெஸ்ட் செய்தபோது நாலாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் தப்புத் தெரியவில்லை.

27-10, புதன்

பங்களாவுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். மா. 3, ஷிஃப்ட் மாறும் நேரம் கார்டிங்குக்குப் போனேன். எல்லா மெஷினும் நின்றிருந்தது. விபத்திலிருந்து ஓட்டாமல் வைத்திருந்த மூன்றாம் நம்பர் பேனலைத் திறந்தேன்.

இருக்கிறது. சிவப்பு வயர், ஒரு சாண். என் முடிச்சு. நான் எப்போதும் இரண்டு சுற்று கூடச் சுற்றுவேன்.

ஃபியூஸ் போட்டு மூன்றை ஓட்டினேன். நாலு நின்றிருந்தது. மூன்று முழு வேகத்தில் ஓடும்போதே தலைக்கு மேல் பச்சை.

வயரைப் பிடுங்கவில்லை. ஃபியூஸை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் ஓட்டக் கூடாது. வயர் அப்படியே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சோறு தின்றேன். ரேஷனில் பாமாயில் வந்திருப்பதாக ரோசி சொன்னாள். போய் வாங்கி வந்தேன்.

28-10, வியாழன்

டெர்மினல் பட்டை வாங்கிக்கொண்டு பங்களா. ஆறு சிக்னலுக்கும் தனித்தனித் திரும்பும் வயர். தனித்தனி ஸ்க்ரூ. ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய அட்டை கட்டினேன். அழுத்திப் பார்த்தேன். ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

முதலாளி வந்ததும் சொன்னேன். எல்லாவற்றையும். நின்றுகொண்டே கேட்டவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க."

"நிச்சயமாத் தெரியுமா? உன் மனசு போட்டு உருட்டிட்டு இருக்கும்."

"நேத்துப் போய்ப் பாத்தேனுங்க. வயரு அங்கயே இருக்குது."

ரயில் ஒரு சுற்று வந்து ஸ்டேஷனில் நின்றது. அவர்தான் நிறுத்தினார். விரலால் பெட்டியைத் தடவிக்கொண்டே பேசினார்.

"பத்தொம்போது வருசமா என்கிட்ட இருக்கற. நான் உன்னய வேலைக்காரனா நினைச்சதில்ல. அந்தப் பொண்ணுக்கு நான் செய்யறேன். கவர்மென்டு சொல்றதவிடச் செய்யறேன். நீயும் ஏன் கெட்டுப்போகோணும்?"

"பச்சை எரியவே இல்லைன்னு எழுதியிருக்குதுங்க. அது எரிஞ்சுதுங்க."

"நாளைக்கு விருந்தாளிக வாராங்க. அது முடியட்டும். அப்பறம் பேசலாம், போ."

கெட்டவர் இல்லை அவர். அதையும் எழுதி வைக்கிறேன்.

29-10, வெள்ளி

மா. 6. ஜெர்மன்காரர் இருவர், ஒருவர் மனைவியோடு. பிரியாணி, ஆப்பம். எனக்கும் சமையலறையில் இலை போட்டார்கள்.

விளக்கை அணைத்துவிட்டு ரயிலை ஓட்டினார் முதலாளி. விளக்குகள், சிக்னல், கேட் இறங்கியது, காற்றாடி. மூன்று ரயில் ஒரே சமயம். ஒரு விளக்கும் மங்கவில்லை. அந்த அம்மாள் கைதட்டினாள். முதலாளி என் தோளில் கைவைத்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஒருவர் மேஜைக்கு அடியில் குனிந்து வயரிங்கைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வலது கை.

கேட் வரை வந்தார் முதலாளி.

"செவ்வாக்கிழமை இன்ஸ்பெக்டர் கேட்டாச் சொல்லு. நான் தடுக்கல. கேக்காட்டி உட்டுரு. என்ன?"

தலையாட்டினேனா என்று ஞாபகமில்லை.

31-10, ஞாயிறு

பூசைக்குப் போனோம். பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. முன் வரிசையில் ஒரு குழந்தை சாவிக்கொத்தைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து ரோசியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்துவிட்டு அத்தனை வெங்காயத்தையும் உரித்து முடித்தாள்.

"எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? அவகிட்டச் சொன்னீங்களா?"

"இன்ஸ்பெக்டர்கிட்ட..."

"இன்ஸ்பெக்டர் கையா போச்சு?"

1-11, திங்கள்

கா. 8 பஸ், பொள்ளாச்சி ரோடு. சனிக்கிழமையே சரசுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். கிணத்துக்கடவில் இறங்கி விசாரித்து நடந்தேன். தென்னந்தோப்பு ஓரம், ஓட்டு வீடு. வாசலில் நாய்.

"வாங்ணா," என்றாள் சரசு. எழுந்திருக்கப் பார்த்தாள். கட்டு முழங்கை வரை. "எங்கூட்டுக்கெல்லாம் வந்திருக்கீங்க. அம்மா, மில்லுல இருந்து எலக்ட்ரீசன் அண்ணா."

அவள் அம்மா காப்பி கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "இவ அவசரம் இவளுக்கே எமன் ஆயிப்போச்சுங்க," என்றாள்.

அந்தம்மாள் உள்ளே போனதும் சொன்னேன். நேராக. ஞாயிறு, எலி, துண்டு வயர், நாலாம் நம்பர். பாதியில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்தது, அதனால் நிறுத்தவில்லை.

சரசு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பச்சை எரிஞ்சுதுங்களா?"

"எரிஞ்சுது."

"நான் பாத்தது நெசந்தானுங்களா?"

"நெசம்."

"எனக்கே சந்தேகமாப் போச்சுங்ணா. எல்லாருஞ் சொல்லச் சொல்ல, நாமதான் பாக்காம உட்டுட்டமோன்னு. ராத்திரியெல்லாம் அதையே..." நிறுத்தினாள். பிறகு குரல் மாறியது. "அம்மா, இங்க வா. அண்ணா, எங்கம்மாகிட்டச் சொல்லுங்க. எனக்குச் சொன்ன மாதிரியே."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அந்தம்மாள் தூணைப் பிடித்தபடி கேட்டாள். முடிந்ததும் குனிந்து என் முன்னால் இருந்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் இன்னும் குடித்திருக்கவில்லை. உள்ளே காப்பியைக் கொட்டும் சத்தம். அதன் பிறகு அழுகை. மகள் பேரைச் சொல்லிச் சொல்லி.

"நீங்க போங்ணா," என்றாள் சரசு. "நாளைக்கு நானும் வாரேன்."

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது.

2-11, செவ்வாய்

கல்லறைத் திருநாள். ரோசி அவள் அப்பாவுக்குப் பூ வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு வெள்ளைச் சட்டை எடுத்து வைத்திருந்தாள்.

கா. 11, மில் ஆபீஸ். இன்ஸ்பெக்டருக்கு ஜலதோஷம். கைக்குட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். எதிரில் முதலாளி, ஃபிட்டர். என்னிடம் கேட்டவை: பெயர், படிப்பு, லைசென்ஸ், எத்தனை வருஷம், ரிப்போர்ட்டில் இருப்பது என் கையெழுத்தா. ஆமாம் என்றேன்.

"சரி, நீங்க போலாம்."

கேட்கவில்லை. முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தேன். கதவு வரை போனேன்.

"சார், நீங்க கேக்கலீங்க. நானாச் சொல்லோணும். அந்த ரிப்போர்ட் தப்புங்க."

எல்லோரும் கார்டிங்குக்குப் போனோம். பையிலிருந்து ஃபியூஸை எடுத்துப் போட்டேன். மூன்றையும் நாலையும் ஓட்டி, இரண்டையும் சேர்த்து நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை நிமிடத்தில் இரண்டிலும் பச்சை. மூன்றின் பக்கக் கண்ணாடி வழியே டார்ச் அடித்துக் காட்டினேன். சிலிண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்கும் வரை நின்று பார்த்தோம். இன்னும் ஆறு நிமிடம்.

பேனலைத் திறந்து அந்த வயரைக் காட்டினேன். அவர் படம் வரைந்துகொண்டார். அவரே வெட்டி எடுத்துக் கவரில் போட்டார். நான் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கவனக்குறைவு என்ற வரியை அவர் அடித்துவிட்டு ஓரத்தில் ஏதோ எழுதினார். முதலாளி அதிலும் கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்க்கவில்லை.

"வெளிய இருங்க. சஸ்பென்ஷன் ஆர்டர் டைப் ஆகுது," என்றார் ஆபீஸ்காரர்.

வராந்தா பெஞ்சில் சரசு. அவளையும் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கையை முந்தானையால் மூடியிருந்தாள். நான் தூணோரம் நின்றேன்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

உள்ளே டைப் மெஷின் அடித்துக்கொண்டிருந்தது.

"உங்க மேல கோவம் இருக்குதுங்ணா. அது போவாதுன்னு நினைக்கறேன்."

"ம்."

"நிக்காதீங்க. உக்காருங்க."

நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். அப்போதுதான் என் கை நடுங்க ஆரம்பித்தது, இரண்டும். தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன், அவளுக்குத் தெரியாமல். பெஞ்சே ஆடியது.